லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பும் கைக்குழந்தை அம்மாக்கள்: ஒருவருக்கொருவர் துணை நிற்பது எப்படி? சட்டம் தரும் உரிமைகள் என்ன? முழு விவரம்

பேறுகால விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாட்கள். கேட்கும்போது நீளமாகத் தெரியும். ஆனால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே காலண்டரைப் பார்க்கும் அம்மாவுக்குத்தான் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது தெரியும். கடைசி மாதம் வந்ததுமே கேள்விகள் வரிசை கட்டும். பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது? பாலுக்கு என்ன செய்வது? ஆபீஸில் பழைய மாதிரி வேலை பார்க்க முடியுமா? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல பெண்களின் பத்தாண்டு உழைப்பு நின்றுபோகிறது. அந்த இடத்தில் கைகொடுப்பது பல நேரங்களில் மேலதிகாரியும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை. நாலைந்து மாதம் முன்பு இதே பாதையைக் கடந்து வந்த இன்னொரு அம்மாதான். அப்படி அம்மாக்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றால் என்ன செய்ய முடியும், என்ன செய்யக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

வேலைக்குத் திரும்பும் முதல் வாரம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 26 வார விடுப்பில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அப்படி எடுத்தால், பிரசவத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பது 18 வாரம்தான். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு நாலு மாதம் சொச்சம்தான் ஆகியிருக்கும்.

இன்னொரு பக்கம், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 மாதத்துக்குப் பிறகு இணை உணவுடன் 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதும் அதன் பரிந்துரை. இந்த இரண்டு கணக்கும் நேராகப் பொருந்துவதில்லை. நடுவில் விழும் இடைவெளியை அம்மாதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்கும் இது தெரியாது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டாலும் வழக்கமான நேரத்துக்கு மார்பில் பால் நிறைந்துவிடும். எடுக்காமல் விட்டால் வலி, கசிவு, பால் கட்டு. தொடர்ந்து பல நாள் எடுக்காமல் விட்டால் சுரப்பே குறையும். மீட்டிங்கின் நடுவில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதோடு தூக்கமின்மை. வீட்டில் ‘பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போறியா?’ என்ற பேச்சு. ஆபீஸில் ‘ஆறு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தாச்சா?’ என்ற விசாரிப்பு. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகிறது.

பாட்டி, அத்தை எல்லாரும் இருக்கும்போது தனிக் குழு எதற்கு?

நியாயமான கேள்விதான். பிள்ளை வளர்ப்பில் பெற்ற தாய்க்குத் துணையாக இன்னொரு பெண் இருப்பது தமிழ் மரபுக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்றும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கமும் இந்தத் துணைக்காகத்தான்.

ஆனால் இன்று நிலைமை மாறிவிட்டது. மதுரையில் அம்மா, சேலத்தில் மாமியார், வேலை சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் என்று குடும்பம் சிதறிக் கிடக்கிறது. பக்கத்திலேயே பாட்டி இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, வயிற்று உப்புசத்துக்குக் கைப்பக்குவம் சொல்லப் பாட்டிக்குத் தெரியும். ஆபீஸில் எங்கே உட்கார்ந்து பால் எடுப்பது, எடுத்த பாலை மின்சார ரயிலில் எப்படிக் கொண்டுவருவது, ‘இன்னும் ரெண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா’ என்று ஹெச்.ஆரிடம் எப்படிக் கேட்பது? இது அவர் கடந்து வராத பாதை.

இந்த இடத்தில்தான் சக அம்மாக்கள் வருகிறார்கள். அவர்களிடம் கிடைப்பது நேற்று வரை அனுபவித்த ஒருத்தியின் பதில். அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1956-ல் ஏழு அம்மாக்கள் சேர்ந்து தொடங்கிய ‘லா லேச்சே லீக்’ அமைப்பு இந்த முறைக்கு முன்னோடிகளில் ஒன்று. தாய்ப்பால் தரும் அம்மாக்கள் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் அதன் அடிப்படை. இன்று அது பல நாடுகளில் இயங்குகிறது. அதே விஷயம்தான் இப்போது வாட்ஸ்அப் குழுவாக, அடுக்குமாடிக் குடியிருப்பு மாடியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பாக, ஆபீஸ் கேன்டீனில் ஒரே மேஜையாக நடக்கிறது.

இந்தக் குழுக்களால் என்ன லாபம்?

1. நேரத்துக்குப் பதில்: ராத்திரி 2 மணிக்கு ‘பாப்பா பாலாடையில் குடிக்க மாட்டேங்குது, நாளைக்கு ஜாயின் பண்ணணும், என்ன பண்றது?’ என்று கேட்டால், அந்த நேரத்தில் முழித்திருக்கும் இன்னொரு அம்மாவிடமிருந்து பதில் வரும். கூகுளில் தேடினால் பத்து விதமாகப் பயமுறுத்தும். இவர் ‘எனக்கும் மூணு நாள் அப்படித்தான் இருந்துச்சு’ என்பார். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

2. உள்ளூர் தகவல்: எந்தக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள்? எங்கே பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம்? வீட்டோடு பார்த்துக்கொள்ளும் ஆயா அக்கா யாராவது இருக்கிறார்களா? இதெல்லாம் விளம்பரத்தில் கிடைக்காது, வாய்வழியாகத்தான் தெரியும்.

3. மாற்றிக்கொள்ளும் உதவி: ஒருவரின் குழந்தைக்குத் தடுப்பூசி நாள் என்றால் இன்னொருவர் ஷிப்டை மாற்றிக்கொள்வது, அவசரத்துக்கு ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது, சின்னதாகிப்போன துணி, தொட்டில், பேபி கேரியரைக் கைமாற்றிக்கொள்வது.

4. சேர்ந்து கேட்கும் பலம்: ஒரு பெண் போய் ‘பால் எடுக்க ஒரு அறை வேணும்’ என்று கேட்டால் அது அவரின் தனிப்பட்ட பிரச்சினையாகப் பார்க்கப்படும். அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மெயில் அனுப்பினால் அது நிறுவனத்தின் பிரச்சினை ஆகிவிடும்.

5. குற்ற உணர்ச்சி குறைவது: ‘நான்தான் மோசமான அம்மாவோ’ என்ற எண்ணம் தனியாக இருக்கும்போது பெரிதாகத் தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் அதே எண்ணம் வந்து போயிருக்கிறது என்று தெரிந்தால் அதன் பாரம் குறையும்.

தாய்ப்பாலை எடுத்து வைப்பது எப்படி?

குழுக்களில் அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது:

● அறை வெப்பநிலையில், அதாவது 25 டிகிரி செல்சியஸ் வரை: 4 மணி நேரம்
● ஃப்ரிட்ஜில்: 4 நாட்கள் வரை
● ஃப்ரீசரில்: 6 மாதம் வரை வைப்பது நல்லது
● ஐஸ் பேக் வைத்த கூலர் பையில்: 24 மணி நேரம் வரை
● ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகிய பால்: ஃப்ரிட்ஜில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது
● குழந்தை குடித்து மிச்சம் வைத்த பால்: 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும்

இதில் நம்ம ஊருக்கு ஒரு முக்கியமான திருத்தம் தேவை. 25 டிகிரி என்பது சென்னை, திருச்சி, வேலூர் மே மாதத்தில் ஏ.சி. அறைக்கு உள்ளே மட்டும்தான் சாத்தியம். சாதாரண அறையில் 4 மணி நேரக் கணக்கை நம்பக் கூடாது. எடுத்த உடனே ஃப்ரிட்ஜ் அல்லது ஐஸ் பேக் வைத்த பைக்குள் போய்விட வேண்டும்.

மற்ற சில குறிப்புகள்:

● கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே எடுக்க வேண்டும். மூடியுள்ள கண்ணாடி அல்லது உணவுத் தர பிளாஸ்டிக் பாத்திரத்தில் தேதி, நேரம் எழுதி வைக்க வேண்டும். பழையதை முதலில் பயன்படுத்த வேண்டும்.
● ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக, 60 முதல் 120 மில்லி வரை சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்தால் வீணாகாது.
● ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டாம். கதவைத் திறந்து திறந்து மூடும்போது அங்கே வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும்.
● கொடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்துக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றலாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நேரடியாகச் சூடாக்கக் கூடாது.
● வைத்த பாலில் கொழுப்பு தனியாக மேலே ஏடு மாதிரி திரண்டு நிற்கும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இது தெரியாமல் நல்ல பாலை வீட்டில் கொட்டிவிடும் சம்பவங்கள் உண்டு. பார்த்துக்கொள்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பம்ப் வாங்கினால்தான் முடியும் என்பதும் இல்லை. கையாலேயே பாலை எடுக்கலாம், செலவே கிடையாது. பிரசவம் பார்த்த மருத்துவமனை நர்ஸிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள். அதேபோல், பாட்டிலுக்குப் பதில் பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ தருவதையே குழந்தை மருத்துவர்கள் பலரும் பரிந்துரைக்கிறார்கள். கழுவி வேகவைத்துச் சுத்தம் செய்வது அதில் சுலபம். நம்ம பாட்டிகளுக்குச் சங்கில் பால் புகட்டிய பழக்கம் இருப்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள்தான் எக்ஸ்பர்ட்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பேறுகால உரிமைகளுக்கு அடிப்படை, 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். 2017-ல் இதில் பெரிய திருத்தம் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரம் ஆனது. பின்னர் இந்தச் சட்டம் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கீழே உள்ள முக்கிய உரிமைகள் அதிலும் தொடர்கின்றன.

விடுப்பு எவ்வளவு?
முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

பால் கொடுக்க இடைவேளை உண்டா?
உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் கூடுதலாக இரண்டு இடைவேளைகள் தர வேண்டும். பலருக்கும் தெரியாத உரிமை இதுதான்.

குழந்தைகள் காப்பகம்?
50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 முறை அம்மா போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம்.

வீட்டிலிருந்து வேலை?
வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இது கட்டாயம் இல்லை. ஆனால் கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்க முடியுமா?
முடியாது. பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். அப்படி நடந்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். வேலைநீக்க உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒப்பந்த ஊழியர்களுக்கு?
2000-ல் டெல்லி மாநகராட்சி வழக்கில், தினக்கூலி அடிப்படையில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி உள்ள பெண்ணுக்கு, ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்துபோனாலும் முழுப் பலனைத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் இன்னொரு வழக்கில் கூறியது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இதைவிடக் கூடுதல். 9 மாதமாக இருந்த பேறுகால விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்காக விடுப்பு கேட்டபோது மறுக்கப்பட்டது. அந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளோடு சேர்ந்தது என்பதையும் அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது.

அப்பாக்களின் நிலை என்ன? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் விருப்பம்தான்.

ஆபீஸ் வேலை இல்லாத அம்மாக்கள் என்ன செய்வது?

அம்மாக்கள் குழு என்றதும் ஐ.டி. கம்பெனிதான் நினைவுக்கு வரும். ஆனால் திருப்பூரில் தையல் மெஷின் முன் உட்காருபவர், ஸ்ரீபெரும்புதூரில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், நாலு வீட்டில் வேலை செய்பவர், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் எல்லோரும் அம்மாக்கள்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால், 26 வாரப் பேறுகாலப் பலனை இ.எஸ்.ஐ. கழகமே தரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, சந்தா ஒழுங்காகப் போகிறதா என்று கர்ப்பமானதும் பார்த்துவிடுவது நல்லது.

அமைப்புசாரா வேலையில் இருப்பவர்களுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதி உள்ள பெண்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. இதற்குக் கர்ப்ப காலத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் குழந்தையை விட்டுவிட்டுப் போக இடம்? மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருந்தாலும், அங்கே நாள் பொழுதைக் கழிப்பது பொதுவாக 2 வயதைத் தாண்டிய குழந்தைகள்தான். ஆறு மாதக் குழந்தைக்கு அது தீர்வு இல்லை.

இதற்கும் சில முன்னுதாரணங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தும் ‘மொபைல் க்ரெஷஸ்’ அமைப்பை 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கினார். குஜராத்தில் ‘சேவா’ அமைப்பைச் சேர்ந்த உழைக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டுறவு முறையிலேயே காப்பகங்கள் நடத்தப்படுகின்றன. நடத்துவதும் பெண்கள், பயன்பெறுவதும் பெண்கள்.

நம்ம ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே தெருத் தெருவாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை கூடிப் பணம் கட்டும் அதே பத்துப் பேர், ‘யார் வீட்டில் இன்று குழந்தைகளை விடுவது’ என்று முறை வைத்துக்கொண்டால் அதுவும் ஓர் அம்மாக்கள் குழுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குழு தொடங்குவது எப்படி?

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மூன்று பேர் இருந்தால் போதும்.

● ஆட்கள்: அடுத்த சில மாதங்களில் லீவில் போகப்போகிறவர், இப்போது லீவில் இருப்பவர், திரும்பி வந்து ஆறு மாதம் ஆனவர் என மூன்று கட்டத்திலும் ஆள் இருந்தால் நல்லது. முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்லித் தருவார்.
● அளவு: 200 பேர் உள்ள குழுவில் கூச்சம் வரும். பத்துப் பதினைந்து பேர் என்றால் மனம் விட்டுப் பேச முடியும்.
● விதி: ‘தாய்ப்பாலா, பவுடர் பாலா’ என்று யாரையும் மட்டம் தட்டக் கூடாது. சிசேரியனா, சுகப்பிரசவமா என்ற ஒப்பீடும் வேண்டாம். குழுவில் பேசியது வெளியே போகக் கூடாது. குறிப்பாக மேலாளர் காதுக்குப் போகக் கூடாது.
● ஜோடி: வேலைக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்துக்கு ஒருவர் துணை. தினமும் ‘சாப்ட்டியா, பால் எடுத்தியா?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பதே பெரிய விஷயம்.
● கோரிக்கை: பொதுவான தேவைகளைப் பட்டியலிட்டு எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். உள்ளிருந்து தாழிடும் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், கை கழுவத் தண்ணீர், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் தேவை. பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-லேயே தமிழ்நாட்டில் திறக்கப்பட்டுவிட்டன. பஸ் ஸ்டாண்டில் முடிந்தது ஆபீஸில் முடியாதா என்று தாராளமாகக் கேட்கலாம். கழிவறையில் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஏற்க வேண்டாம். குழந்தையின் சாப்பாட்டைத் தயாரிக்கும் இடம் அது அல்ல.

திரும்புவதற்கு முன் என்னென்ன செய்யலாம்?

ஒரு மாதம் முன்பு: குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று முடிவு செய்து, அவர் வராத நாளுக்கு இன்னொரு ஏற்பாட்டையும் யோசித்து வையுங்கள். ஹெச்.ஆரிடம் காப்பகம், இடைவேளை பற்றி மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

இரண்டு வாரம் முன்பு: பாலாடையில் குடிக்கப் பழக்குங்கள். அம்மா கையால் கொடுத்தால் சில குழந்தைகள் அடம்பிடிக்கும். வேறு ஒருவர் கொடுத்தால் குடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு முறை பால் எடுத்துச் சேர்க்கத் தொடங்குங்கள்.

ஒரு வாரம் முன்பு: ஒத்திகை. காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். மறுநாள் நான்கு மணி நேரம். எங்கே சிக்கல் வருகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

முதல் நாள்: முடிந்தால் புதன் அல்லது வியாழனில் சேருங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மாற்று உடை ஒன்றைப் பையில் வையுங்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுக்க அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் என்னென்ன கூடாது?

உதவி செய்யும் எண்ணத்திலேயே சில தவறுகள் நடக்கின்றன. இவற்றைத் தவிர்ப்பது அவசியம்.

● மருந்து சொல்லக் கூடாது. பால் சுரக்க மாத்திரை, குழந்தை தூங்க சிரப், காய்ச்சலுக்கு டோஸ் கணக்கு எல்லாம் மருத்துவர் வேலை. ‘என் பிள்ளைக்கு ஒத்துக்கிச்சு’ என்பது அடுத்த பிள்ளைக்குப் பொருந்தாது.
● ஒருவர் பாலை இன்னொருவர் குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டாம். தொற்றுகள் பால் வழியே போக வாய்ப்பு உண்டு. தானம் செய்ய விரும்புபவர்கள் மருத்துவமனைகளில் உள்ள தாய்ப்பால் வங்கியை அணுகலாம். அங்கே பரிசோதித்து, பதப்படுத்திய பிறகே குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்கிறது.
● ஒருவர் பயன்படுத்திய பம்பை அப்படியே மற்றவர் பயன்படுத்தக் கூடாது. உள்ளே ஈரமும் பாலும் தங்கும் வகை பம்புகளை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது.
● விற்பனைக்கு இடம் தராதீர்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதற்கு 1992-ம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் தடை உள்ளது. ‘அக்கறையுள்ள அக்கா’ போல உள்ளே வந்து பொருள் விற்பவர்கள் மீது கவனம் தேவை.

மார்பில் சிவந்து, வலியோடு காய்ச்சலும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மனசு சரியில்லை என்றால்?

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. தானாகவே சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோகம், எதிலும் பிடிப்பின்மை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, குழந்தையோடு ஒட்ட முடியாத உணர்வு, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற எண்ணம் வந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். வேலைக்குத் திரும்பும் நேரத்திலும் இது தலைகாட்டலாம்.

இது சோம்பலோ திமிரோ அல்ல, சிகிச்சை உள்ள நோய். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். குழுவில் எப்போதும் பேசும் ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் யாராவது ஒருவர் தனியாக போன் செய்து பேச வேண்டும். மெசேஜ் போதாது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ வந்தால் ஒரு நிமிடம்கூட அவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களும் மேலாளர்களும் செய்ய வேண்டியது

கணவர்களுக்கு: இதை ‘உதவி’ என்று நினைக்க வேண்டாம். குழந்தை இருவருக்கும்தான். ராத்திரி ஒரு முறை எழுந்து பார்ப்பது, காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விடுவது, தடுப்பூசி நாளில் லீவு போடுவது ஆகியவற்றில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார், அம்மாவுக்கு: பிள்ளை ஏக்கத்தில் இளைத்துவிட்டது என்ற வார்த்தையை மருமகளிடம் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் சொல்லாமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

மேலாளர்களுக்கு: ‘குழந்தை இருக்கே, உங்களால முடியாது’ என்று நீங்களாகவே முடிவு செய்து முக்கியமான வேலையை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கேளுங்கள். பால் எடுக்கும் நேரத்தில் மீட்டிங் வைக்காமல் இருங்கள். இருபது நிமிட இடைவேளை கொடுப்பதைவிட, பத்து வருட அனுபவம் உள்ள ஒருவரை இழந்து புது ஆளைத் தேடிப் பழக்குவது பெரிய செலவு.

குழு இருந்தால் போதுமா?

போதாது. காப்பகம் கட்டித் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை, சட்டத்தை அமல்படுத்த வேண்டியது அரசின் கடமை. ‘நீங்களே உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று இரண்டு பேரும் கழன்றுகொள்ள அம்மாக்கள் குழு ஒரு சாக்காகிவிடக் கூடாது.

வேலையை விடுவது தவறு என்றும் யாரும் சொல்ல முடியாது. குழந்தையோடு இருக்க வேண்டும் என்று விரும்பி எடுக்கும் முடிவு அவரவர் உரிமை. ஆனால் பால் எடுக்க ஓர் அறை இல்லாததாலோ, கேட்க யாரும் இல்லாததாலோ அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது. உங்கள் ஆபீஸிலோ தெருவிலோ அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும் அம்மா யாராவது இருந்தால், இன்றே ஒரு போன் செய்து ‘எப்ப ஜாயின் பண்றீங்க, என்ன உதவி வேணும்?’ என்று கேளுங்கள். குழு அங்கிருந்துதான் தொடங்குகிறது.